நின்ற கால்

சென்ற ஐப்பசியில் என் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரம் கல்லூரிக்கு வரவில்லை. இளங்கலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு. தீபாவளி கழிந்து நான்காம் நாள் வந்தாள். வருகைப்பதிவு குறைந்திருந்ததால் துறை அறைக்கு அழைத்து விசாரித்தேன்.

"சென்னைக்குப் போயிருந்தேன் மேம். தி.நகர்ல ஜவுளிக்கடை. சீசனுக்கு மட்டும் ஆள் எடுத்தாங்க. பீஸ் கட்டணும்லா."

"உக்காந்து பேசு" என்று எதிர் நாற்காலியைக் காட்டினேன்.

"இருக்கட்டும் மேம், நின்னுக்கிடுதேன்."

சொல்லிவிட்டு உடம்பின் பாரத்தை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றினாள். சற்று நேரத்தில் மறுபடியும் வலது காலுக்கு. அவள் அதைத் தெரிந்து செய்யவில்லை. எனக்கு அந்த அசைவு தெரியும். கால் நூற்றாண்டுக்கும் மேலாக யாரிடமும் சொல்லாமல் நான் வைத்திருக்கும் அசைவு அது. "நானும் போயிருக்கேன்" என்ற சொல் தொண்டைவரை வந்தது. சொல்லவில்லை. விடுப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1997. பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் வந்திருந்தது, கல்லூரிக்குப் பணம் வரவில்லை. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம் கேட்காத நேரமே கிடையாது. அப்பா தறி ஓட்டினார், அம்மா தார் சுற்றினாள். அந்த வருடம் அப்பாவுக்கு நெஞ்சுச்சளி முற்றி, தறிக்குப் போக முடியாமல் படுத்துவிட்டார். சென்னை ஜவுளிக்கடைகளுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடும் அண்ணாச்சி ஒருவர் தெருவுக்கு வந்தார். மாதம் 900 ரூபாய், சாப்பாடும் தங்கலும் கடையோடு. "ஒரு வருசம் போயிட்டு வாட்டி. வந்து படிக்கலாம்" என்றாள் அம்மா. ஆடித்தபசு முடிந்த மறுவாரம் பஸ் ஏறினேன்.

எங்கள் ஊர் கோமதி அம்மன் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சிவனையும் திருமாலையும் ஒரே வடிவில் காண வேண்டும் என்று கேட்டு, புன்னை வனத்தில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தவள். அவள் கேட்டபடி சங்கரநாராயணராகக் காட்சி கிடைத்த நாள்தான் ஆடித்தபசு. கொடி ஏறியதும் ஊர்ப் பெண்கள் கோவிலை 108 முறை சுற்றிவருவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். ஒற்றைக் காலில் நிற்கும் அம்மனுக்குக் கால் வலிக்குமே, அந்த வலியில் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளத்தான் இந்தச் சுற்று என்பார்கள். சின்ன வயதில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் சுற்றியிருக்கிறேன். தெய்வத்தின் கால்வலியைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஊரிலிருந்துதான் நான் ரங்கநாதன் தெருவுக்குப் போனேன்.

ஒரு முனையில் மாம்பலம் ரயில் நிலையம், மறுமுனையில் உஸ்மான் சாலை. நடுவில் அந்தச் சின்னத் தெரு. நான் வேலை பார்த்த கடையின் பெயர் வேண்டாம். அன்று அது எல்லாக் கடைகளையும் போலத்தான் இருந்தது. விடுதியில் எங்களுக்கு ஊர்தான் பெயர். உடன்குடி, சாத்தான்குளம், கயத்தாறு, திசையன்விளை. நான் சங்கரன்கோவில். "ஏ சங்கரன்கோவில், பக்கெட்ட எடு" என்றால் நான் எடுக்க வேண்டும். அந்த ஆறு மாதமும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மிகச் சிலரே.

காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து மணிவரை வேலை. ஐப்பசி பிறந்ததும் பதினொன்று, பன்னிரண்டு ஆனது. எங்கள் தளத்தில் ஸ்டூல்கள் இருந்தன. அவை சேலை எடுக்க வருகிறவர்களுக்கு. நாங்கள் உட்காரக் கூடாது, அலமாரியில் சாயவும் கூடாது. சாய்ந்து நிற்பதைச் சூப்பர்வைசர் பார்த்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். கழிப்பறை மேல் மாடியில் இருந்தது. போகச் சீட்டு வாங்க வேண்டும். போய்வரும் நேரத்தை ஒருவர் குறித்துக்கொள்வார். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டோம். நீர்க்கடுப்பு வராத பெண் எங்கள் விடுதியில் இல்லை. தூரம் ஆகும் நாட்களில் துணியை இரண்டாக மடித்து, மேலே இன்னொன்றும் வைத்துக்கொண்டு காலையில் இறங்கினால் சாப்பாட்டு நேரம்வரை மாற்ற வழியில்லை. தொடை உராய்ந்து புண்ணாகும். அந்தப் புண்ணோடு நின்றுகொண்டுதான் "இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்க்கா" என்று சிரிப்போம்.

ஒருநாள் கைத்தறி வாடை அடிக்காத, கஞ்சி மொடமொடக்கும் காட்டன் சேலைக் கட்டு ஒன்று வந்தது. பிரித்தால் எங்கள் பக்கத்துச் சரக்கு. எந்தத் தறியில் ஓடியது, யார் சுற்றிய தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை மடிக்கும்போது அம்மாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. நெய்கிற இடத்தில் உட்கார நேரமில்லாத அம்மா, விற்கிற இடத்தில் உட்கார அனுமதியில்லாத மகள்.

எங்களில் மூத்தவள் திசையன்விளை அக்கா. எட்டுத் தீபாவளியை அந்தக் கடையில் பார்த்தவள். அவள் கெண்டைக்காலில் நரம்புகள் பச்சையாகச் சுருண்டு புடைத்திருக்கும். நான் முதல் முறை பார்த்தபோது எங்கள் கோவிலில் உண்டியலில் போடும் நாகத் தகடுதான் ஞாபகம் வந்தது. அதை அவளிடம் சொல்லியும்விட்டேன். அவள் கோபப்படவில்லை. "அப்போ ஊருக்குப் போனா கோமதிக்கு எனக்காக ஒரு கால் தகடு வாங்கிப் போடுட்டி" என்றாள். போடுகிறேன் என்றேன்.

தீபாவளிக்கு முந்தைய இரவு கடை மூட ஒன்றரை மணி ஆனது. கலைந்து கிடந்த சேலைகளை மடித்துவைத்து விடுதிக்கு வரும்போது மூன்று. தெருவில் வெடி வெடிக்கத் தொடங்கியிருந்தது. எண்ணெய்க் குளியலுக்கு இரண்டு குழாய்தான். வரிசையில் நிற்க யாருக்கும் தெம்பில்லை. திசையன்விளை அக்கா கிண்ணத்தில் எண்ணெய் எடுத்துவந்து ஒவ்வொருத்தி உச்சியிலும் ஒரு விரல் தொட்டு வைத்தாள். பிறகு எல்லாரும் தரையில் படுத்துக் காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டோம். நின்று வீங்கிய காலுக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். அறையின் மூன்று பக்கச் சுவரிலும் வரிசையாகக் கால்கள். ஜன்னலில் மத்தாப்பு வெளிச்சம் வந்துபோகும்போதெல்லாம் அந்தக் கால்கள் தெரிந்து மறைந்தன. யாரும் அழவில்லை. கடை கொடுத்த இனிப்புப் பொட்டலத்தை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டே தூங்கிப்போனோம். ஊரெல்லாம் புதுத்துணி உடுத்த நாளில், அதை எடுத்துக் கொடுத்தவர்கள் விடிந்து நெடுநேரம்வரை எழவில்லை.

தையில் திரும்பிவிட்டேன். மிச்சம்பிடித்த பணமும் ஆசிரியை ஒருவர் செய்த உதவியும் சேர, 1998 ஜூனில் கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்த ஆடியில் "சுத்த வாட்டி" என்று அம்மா கூப்பிட்டாள். கால் கடுப்பு இன்னும் விடவில்லை, வரமாட்டேன் என்றேன். மாலையில் வந்து திண்ணையில் உட்கார்ந்து தன் காலை நீவிக்கொண்டே, "நூத்தியெட்டு அம்மைக்கு. பதினொண்ணு உன் காலுக்கு" என்றாள். எனக்காக யாரோ வலியை வாங்கிக்கொண்டது அன்றுதான். அதுவும் வாங்கிக்கொள்ள இடமில்லாத இன்னொரு கால்.

பிறகு நான் படித்தேன். முனைவர் பட்டத்துக்கு அகப்பாடல்களில் பிரிவு என்பதை எடுத்துக்கொண்டேன். பொருள் தேடிப் பிரிந்து போகிறவன் தலைவன், வீட்டில் இருந்து ஆற்றியிருப்பவள் தலைவி. கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவனை மழை வந்த பிறகும் காணோமே என்று அவள் ஏங்குவாள். முந்நூறு பக்கம் எழுதினேன். பொருள் தேடிப் பிரிந்துபோன பெண்ணைப் பற்றி, மழை தொடங்கும் ஐப்பசியில் ஊர் திரும்ப விடுப்புக் கிடைக்காத பெண்ணைப் பற்றி, அதில் ஒரு வரி இல்லை. இலக்கணத்தில் அவளுக்குத் திணை இல்லை என்பதைவிட, அவளாக இருந்தவளே அவளை விட்டுவிட்டாள் என்பதுதான் உண்மை. என் கவிதைத் தொகுப்புகளின் பின்னட்டையிலும் அந்த ஆறு மாதம் இல்லை. 2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்தபோது சக ஆசிரியர்களோடு பார்த்தேன். "இப்படியெல்லாமா நடக்கும்?" என்று ஒருவர் கேட்டார். நான் பேசாமல் இருந்தேன்.

அந்த மௌனத்துக்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. நின்றவளின் வலியைச் சொல்ல நம்மிடம் இருக்கும் சொற்கள் எல்லாம் புகழ்ச்சியாக இருக்கின்றன. பொறுமைசாலி, ஒடுங்கின பிள்ளை, எவ்வளவு நேரமானாலும் முகம் சுளிக்க மாட்டாள். தெற்கிலிருந்து பெண்களை வேலைக்கு எடுக்கும்போது சொல்லப்படும் நற்சான்றும் இதுதான். கோமதி நின்றதையும் இந்தப் பொறுமைக் கணக்கில்தான் சேர்க்கிறோம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவள் தானாக நின்றாள், ஒன்றைக் கேட்டு நின்றாள், கேட்டது கிடைத்ததும் காலை ஊன்றினாள். நாங்கள் நின்றதற்குக் கேள்வியும் இல்லை, வரமும் இல்லை. அடுத்தவர் நிறுத்திவைத்ததைத் தவம் என்று சொல்ல முடியாது.

கேட்டவர்கள் உண்டு. பிரிட்டனில் 1899இலேயே, மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது கடையில் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பதினான்கு வயதில் துணிக்கடையில் நிற்கத் தொடங்கிய மார்கரெட் பாண்ட்ஃபீல்டு, கடைப்பெண்களின் விடுதி வாழ்க்கையை வேறு பெயரில் எழுதி வெளியே கொண்டுவந்தார். 1929இல் அந்நாட்டின் முதல் பெண் கேபினட் அமைச்சரானார். நமக்குப் பக்கத்தில் கோழிக்கோட்டில், மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, கடைப்பெண்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்று அமைப்பாக்கினார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை, அடுத்துக் கேட்டது இருக்கை. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பது சாரம். மூலச் சட்டம் 1947இல் வந்தது. ஒரு நாற்காலி உள்ளே வர 74 வருடம் ஆகியிருக்கிறது.

அந்தச் செய்தியைப் படித்த வாரம் ஒரு திருமணத்துக்குச் சேலை எடுக்கப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து "அந்த மேல் தட்டுல இருக்கிறதையும் எடுத்துப் போடும்மா" என்றேன். முப்பது சேலை விரித்திருப்பாள். ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்தேன். வாசலுக்கு வந்த பிறகுதான் அவள் அவ்வளவு நேரமும் நின்றிருந்தாள் என்பது உறைத்தது. நின்ற காலுக்கும் மறந்துபோகும், உட்காரக் கிடைத்தால்.

மாணவியை மறுவாரம் மீண்டும் அழைத்தேன்.

"கடையில உக்கார ஸ்டூல் உண்டா?"

"உண்டு மேம். கவுண்டருக்குக் கவுண்டர் போட்டிருக்காங்க. சீசன்ல அதுமேல சேலைக்கட்டு வச்சிருப்பாங்க. எடுத்துட்டு உக்காந்தா மொறைப்பாங்க."

"நீங்க எல்லாரும் சேந்து கேக்கலையா?"

"மூணு வாரத்துக்கு வந்தவ என்னத்த கேக்க மேம்?"

சட்டத்துக்கும் அவள் காலுக்கும் நடுவில் இருந்தது அந்தச் சேலைக்கட்டுதான். அதை எடுத்துக் கீழே வைக்கும் கை தனியாக இருந்தால் நடுங்கும். கோழிக்கோட்டுப் பெண்கள் கூட்டமாகத்தான் எடுத்தார்கள்.

பிறகு சொன்னேன். 1997, ரங்கநாதன் தெரு, சுவரில் சாய்த்த கால்கள், திசையன்விளை அக்கா. அவளுக்கு நேர்ந்துகொண்ட கால் தகட்டை நான் இன்றுவரை போடவில்லை என்பதையும் சொன்னேன். ஊருக்குள்தான் இருக்கிறது கோவில், பத்து நிமிட நடை. அந்த ஆறு மாதத்தை நினைக்காமல் அந்தத் தகட்டை வாங்க முடியாது என்பதால் வாங்கவில்லை. அக்காவின் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவும் இல்லை.

அவள் ஆச்சரியப்படுவாள், கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் காலைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எத்தன மாசத்துல வலி விட்டுச்சு மேம்?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"மழைக்காலத்துல இப்பவும் வரும்" என்றேன்.

"ம்" என்று தலையசைத்தாள். அப்புறம் நான் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.