சீருடை கழற்றிய பிறகு



தோட்டத்தில் பிறந்து பட்டாளத்துக்குப் போனவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அப்பாவோடு பால்வாளி தூக்கிய பையன் ஒரு நாள் சீருடையோடு லயத்துக்கு வந்தால் தோட்டமே வேடிக்கை பார்க்கும். கிராணி வீட்டில் காப்பி கிடைக்கும். ஆனால் வேலை முடிந்து திரும்பியவர் என்ன ஆனார் என்று கேட்டால், "எங்கேயோ ஜாகா வேலை பார்க்கிறாராம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த அண்ணனும் அப்படித்தான். 12 ஆண்டுகள் இராணுவத்தில் இருந்தார். வெளியே வந்ததும் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல். சர்க்கரை வியாதி ஒரு காலைக் கொண்டுபோனது; இரண்டே ஆண்டில் ஆளையும் கொண்டுபோனது. அண்ணிக்கு மூன்று பிள்ளைகள்.

"பட்டாளத்துக்காரர் பெண்சாதி, பென்ஷன் வருமே!" என்றார்கள் எல்லோரும். ஒரு காசும் வரவில்லை. வருகிறது, மறைக்கிறாள் என்று சிலர் பேசியதுதான் கொடுமை. திருவிழா வரி கேட்க வந்தவர்கூட அதையே சொல்லிக் காட்டினார். அன்று இரவு அண்ணி எங்கள் அம்மாவிடம் வந்து அழுதார்.

உண்மை என்ன தெரியுமா? நம் நாட்டில் சாதாரணப் படைவீரர் 21 ஆண்டுகள் பணி செய்தால்தான் மாதாமாதம் ஓய்வூதியம். அதற்கு முன் வெளியே வந்துவிட்டால் படைவீரர் சேமநிதியில் சேர்ந்த பணம் மட்டும் மொத்தமாகக் கைக்கு வரும். 1972-இல் தொடங்கிய நிதி அது. வீரர் சம்பளத்தில் நூற்றுக்கு 10 பிடிப்பார்கள். அரசாங்கம் 15 சேர்க்கும். அண்ணனுக்கும் அது கிடைத்தது. தங்கை கல்யாணத்துக்கும் பழைய கடனுக்கும் போய்விட்டது. அதில் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நம் வீடுகளிலும் அப்படித்தானே செலவாகிறது?

ஆனால் வழி அடியோடு அடைந்துவிடவில்லை. தற்காப்பு அமைச்சின் கீழ் முன்னாள் படைவீரர்களுக்கென்று ஓர் இலாகா உண்டு. ஓய்வூதியம் இல்லாமல் வறுமையில் வாடும் வீரர்களுக்கும் குடும்பங்களுக்கும் வாழ்க்கைச் செலவு, மருத்துவம், பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றுக்கு உதவித் திட்டங்கள் வைத்திருக்கிறார்கள். பொதுமக்கள் நன்கொடை சேரும் வீரர் நிதியும் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்; தானாக வீடு தேடி வராது.

கேட்கத்தான் அண்ணி கூசினார். "பிச்சை எடுக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்றார் என்னிடம். முன்னாள் படைவீரர் சங்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், அவரும் தமிழர்தான், பாரங்களை மேசையில் விரித்து வைத்தார். "உங்க வீட்டுக்காரர் 12 வருஷம் மழையில நின்னாரும்மா. கையெழுத்துப் போடுங்க" என்றார். அண்ணி போட்டார்.

அதற்குப் பிறகுதான் அலைச்சல். தோட்டம் விற்கப்பட்டு எல்லோரும் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறியபோது காகிதங்கள் தொலைந்துவிட்டன. படையிலிருந்து விடுவித்த சான்றிதழ் இல்லை, திருமணச் சான்றிதழும் இல்லை. ஒரு முகப்பில் அடுத்த வாரம் வா என்றார்கள், இன்னொன்றில் வேறு இடம் போ என்றார்கள். அந்தப் பெரியவர் சலிக்காமல் கூடவே நடந்தார். 7 மாதம் கழித்து முதல் உதவி வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் பள்ளி திறக்கும்போது மூன்று பிள்ளைகளுக்கும் புதுச் சப்பாத்து இருந்தது.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 31-ஆம் நாளை வீரர் தினமாகக் கொண்டாடுகிறோம். 1948-இல் தொடங்கிய அவசரகாலம் 1960-இல் அந்த நாளில்தான் முடிந்தது. முள்கம்பி வேலிக்குள் லயங்கள் இருந்ததையும், பல இடங்களில் வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகக்கூடத் தடை இருந்ததையும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பயம் நீங்கியதில் படைவீரர்களுக்கும் பங்கு உண்டு. அந்தச் சமயத்தில் வீரர் நிதிக்கு உண்டியல் குலுக்கினால் ஒரு வெள்ளியாவது போடுங்கள்.

உங்கள் குடும்பத்தில் பட்டாளத்தில் இருந்தவர் யாராவது இருந்தால், அவருடைய சான்றிதழ்களை ஒரு தகர டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். மனைவிக்கும் அது இருக்கும் இடம் தெரியட்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிடாமல் திருமணத்தைப் பதிந்துகொள்ளுங்கள். 1982 மார்ச் முதல் அது சட்டப்படி கட்டாயம். பதியாத திருமணத்தால் பின்னால் தவிப்பவள் விதவைதான்.

பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பெண் இருந்தால், "உனக்கென்ன, பென்ஷன் வருது" என்று சொல்லாதீர்கள். விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரிந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு மாலை அவளிடம் அனுப்பி வையுங்கள்.