ஐம்பத்து மூன்றில் ஒரு வெள்ளைப் பட்டி

53 வயதில் கராத்தே பழகப் போகிறேன் என்று நான் அறிவித்தபோது, ஆசிரிய பீடத்தில் எழுந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. "யாரை அடிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார் ஒரு நண்பர். அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பது ஆண்டுகளாக நாற்காலியிலும் இரவுக் கடமையிலும் கழிந்த உடம்பு இது. வைத்தியர் நடக்கச் சொன்னார். மரைன் டிரைவில் சில மாதங்கள் நடந்து அலுத்துப்போனேன். பம்பலப்பிட்டியில் வீட்டுக்கு அருகே ஒரு மண்டபத்தில் கிழமைக்கு இரண்டு மாலைகள் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சேர்ந்துகொண்டேன். இப்போது இரண்டாண்டுகள் ஆகின்றன.

அங்கே வரிசை வயதின்படி அல்ல, பட்டியின் நிறத்தின்படி. அலுவலகத்தில் 'சேர்' என்று அழைக்கப்படுகிற நான் கடைசியில் நின்றேன். எனக்கு வெகு முன்னே, பச்சைப் பட்டியோடு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. பட்டியை முடிச்சிடக் கற்றுத்தந்தவள் அவள்தான்.

அடிப்பதும் உதைப்பதும் முதற் பாடமாக இருக்கும் என எண்ணியிருந்தேன். முதற் பாடமோ நிற்பது. பாதங்களைத் தோளகலத்துக்கு வைத்து, முழங்காலை இறுக்காமல், தோள்களைத் தளர்த்தி, முன்னே பார்த்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் என் தோள்கள் இறங்க மறுத்தன. ஆசிரியர் என் மகனை விடவும் இளைய சிங்கள வாலிபர். அருகே வந்து, தமக்குத் தெரிந்த தமிழில், "அங்கிள், தோள் கீழே" என்பார். இறக்குவேன். அவர் அடுத்த வரிசைக்குப் போவதற்குள் அவை மீண்டும் காதருகே ஏறியிருக்கும்.

இது எங்கே பழகியது என்று யோசித்தபோதுதான் விடை கிடைத்தது. கொழும்பில் வாழ்ந்த என் தலைமுறைத் தமிழர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சோதனைச் சாவடி தெரிந்தவுடன் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். அடையாள அட்டையோடு பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். பஸ்ஸில் தமிழில் பேசும் குரல் தாழும். 2007 ஜூன் 7ஆந் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. எனினும் அந்த இரவு உறங்காத வீடுகள் எத்தனை! எவர் கண்ணிலும் படாதவாறு உடலைச் சுருக்கிக்கொள்வதே அன்று நாமறிந்த தற்காப்புக் கலை. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. என் தோள்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

வகுப்பில் எண்ணுவது யப்பானிய மொழியில்: இச்சி, நி, சான், ஷி. தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் உரத்து எண்ணுகிறார்கள். உச்சரிப்பைக் கேட்டு யார் எவர் என்று ஊகிக்க அவசியமில்லாத ஓரிடத்தில் குரலை உயர்த்துவதன் சுகத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

'நமது சிலம்பம் இருக்க யப்பான்காரனின் கலை எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. ஒக்கினாவாத் தீவில் இதன் பழைய பெயருக்கே 'சீனக் கை' என்றுதான் பொருள். 'வெறுங்கை' என்ற பொருள் பின்னால் வந்தது. நமது கிழக்கிலங்கை முஸ்லிம்களிடமும் 'சீனடி' என்றொரு கலை உண்டு. கலைகள் கடல் கடந்தே வளர்ந்திருக்கின்றன.

ஒக்கினாவாவிலிருந்து டோக்கியோவுக்கு இதைக் கொண்டுசென்ற பள்ளி ஆசிரியர் ஃபுனாகோஷி கிச்சின், 1922இல் அங்கே போனபோது அவருக்கும் வயது 53. மாணவர் விடுதியொன்றில் தங்கி, அதன் அறைகளையும் தோட்டத்தையும் கூட்டிப் பெருக்கிக்கொண்டே கற்பித்தார். நான் முதலில் பழகிய 'ஹெய்யான் ஷோடன்' என்ற அசைவுத் தொடர், அவருடைய ஆசான் இத்தோசு பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தது. 'ஹெய்யான்' என்றால் அமைதி. அதன் 21 அசைவுகளில் முதலாவது அடி அல்ல, தடுப்பு.

அஞ்சியிருப்பதும் விழித்திருப்பதும் ஒன்றென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இரண்டும் வேறு. அஞ்சுகிறவனின் மூச்சு மேலே நிற்கிறது, பார்வை தரையில் கிடக்கிறது. விழித்திருப்பவனுக்கு மூச்சு அடிவயிறு வரை இறங்குகிறது, எதிரே நிற்பவரின் முகம் தெரிகிறது. இதை எந்த நூலிலிருந்தும் நான் அறியவில்லை. வியர்த்து, முழங்கால் நொந்து, சிறுபிள்ளைகளுக்குப் பின்னால் நின்று அறிந்தேன்.

யாரையும் அடிக்கும் வல்லமை எனக்கு வந்துவிடவில்லை, வரவும் போவதில்லை. காலி வீதியில் பொலிஸ்காரரைக் கண்டால் கை இன்னமும் சட்டைப்பைக்குத்தான் போகிறது. தோள்கள் மட்டும் முன்போல் உயர்வதில்லை. ஐம்பதைத் தாண்டிய நண்பர்களே, உங்கள் ஊரிலும் இப்படி ஒரு மண்டபம் இருக்கக்கூடும். கடைசி வரிசையில் எப்போதும் இடமுண்டு.