பஸ் நிக்கல சார்

மயிலாப்பூர் கிளினிக்குக்குப் போன வாரம் ஒருத்தர் வந்தார். வயசு 54, வங்கி வேலை. முடக்குவாதத்துக்கு ரெண்டு வருஷமா என்கிட்ட மாத்திரை எடுக்கிறார். தூக்கமே இல்லைன்னார். என்னன்னு கேட்டா, மூணாவது தடவையா புரமோஷன் ஜூனியருக்குப் போயிடுச்சாம். "ஐ மிஸ்ட் த பஸ், டாக்டர்"னு சிரிச்சார்.

நீங்களும் இதைச் சொல்லியிருப்பீங்க. லஸ் ஸ்டாப்ல அரைமணி நேரம் நிக்கிறோம். 29சி வருது, கை காட்டுறோம், நிக்காம போகுது. வீட்டுக்குப் போய் என்ன சொல்வோம்? "பஸ் நிக்கல". ஆபீஸ் விஷயத்தை இங்கிலீஷ்ல சொல்றப்போ மட்டும் தப்பு நம்ம தலையில விழுந்துடுது. லேட்டா வந்தவன்தான் பஸ்ஸை மிஸ் பண்ணுவான். இவர் பரீட்சை எழுதி, இன்டர்வியூவும் முடிச்சுட்டு ஸ்டாப்லயே நின்னவர்.

அவர் கையில மெத்தோட்ரெக்சேட் அட்டை இருந்தது. அதை வச்சே ஒரு கதை சொன்னேன்.

எல்லாப்பிரகட சுப்பாராவ், நம்ம மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தி சொன்னார்னு கதர் உடுத்தினார். அது ஆங்கிலேய அறுவைசிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கல. எம்பிபிஎஸ் வரல, அதைவிடக் குறைஞ்ச எல்எம்எஸ்தான் கிடைச்சது. அப்புறம் பாஸ்டன் போனார். பாஸ்பரஸ் அளவிடும் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை 1925ல வந்தது. (நாங்க அதைப் படிச்சப்போ அந்த சுப்பாராவ் யாருன்னு யாரும் சொல்லல!) ஹார்வர்டு நிரந்தரப் பதவி தரல. 1940ல லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையா தயாரிச்சது. அதுக்கு எதிரா வேலை செய்யும் மருந்துகளையும் உருவாக்கினாங்க. மெத்தோட்ரெக்சேட் அந்த வரிசைதான். குழந்தைகளோட ரத்தப் புற்றுநோய்க்கும் இன்னிக்குக் கொடுக்கிறோம். யானைக்கால் நோய்க்கான டிஇசி மாத்திரையும் அவர் குழு தந்ததுதான். 1948ல, 53 வயசுல இறந்துட்டார். ஊர் திரும்பவே இல்லை.

"அவரும் பஸ்ஸை மிஸ் பண்ணவர் இல்ல சார். ரெண்டு ஊர்லயும் பஸ் நிக்கல."

புரமோஷன் வந்துடும்னெல்லாம் நான் சொல்லல. அது என் கையில இல்ல. மெத்தோட்ரெக்சேட் வாரத்துல ஒரே நாள்தான், தினமும் போட்டா உயிருக்கே ஆபத்துன்னு வழக்கம்போல ஒருதடவை சொன்னேன். நீங்க யாராவது எடுத்தாலும் இதை மறக்காதீங்க.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எங்கயும் அவர் பேர் இல்லையே டாக்டர்?"

"இல்ல சார்."