முதலில் வீடு, பிறகு வழக்கு

இங்கிலாந்தில் முதல் வீடு வாங்கியவர், தன் சொலிசிட்டர் பிழை விட்டுவிட்டார் என்று அறிந்ததும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, இவங்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகலாமோ?" அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பல ஆண்டுச் சேமிப்பு, சீட்டுப் பணம், பெற்றோர் கொடுத்தது எல்லாம் அந்த டிபாசிட்டில் போயிருக்கும். ஆனாலும் நான் வழக்கிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் வீட்டின் உரிமையில் எங்கே குறை விழுந்திருக்கிறது என்று பார்த்து அதைத் திருத்த வேண்டும். திருத்தும் செலவைப் பிழை விட்டவரே ஏற்க வேண்டும். அப்படியும் ஈடாகாமல் மிஞ்சும் நட்டத்துக்குத்தான் வழக்கு. மற்றவர்கள் செய்த வீட்டுப் பத்திர வேலையில் வந்த பிழைகளைத் திருத்துவதே என் தொழிலாகிவிட்டது. இந்த வரிசை மாறினால் மிக அதிகம் இழப்பவர் வீட்டுக்காரர்தான் என்பதைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன்.

கோப்பைத் திறந்ததும் நான் தேடுவது திகதிகளை. இந்த நாட்டில் வீடு வாங்குவதில் இரண்டு நாட்கள் முக்கியமானவை. ஒப்பந்தம் கைமாறும் எக்ஸ்சேஞ்ச் நாள் ஒன்று. வழக்கமாகப் பத்து வீதம் டிபாசிட் கட்டி, இரு தரப்பும் சட்டப்படி கட்டுப்படுவது அன்றுதான். மீதிப் பணம் போய்ச் சாவி கைக்கு வரும் கம்ப்ளீஷன் நாள் மற்றது. எக்ஸ்சேஞ்சுக்கு முன் பிடிபடும் பிழைக்கு மருந்து எளிது: கேள்வி கேட்கலாம், விலையைக் குறைக்கச் சொல்லலாம், வேண்டாமென்று விலகலாம். எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு விலகினால் டிபாசிட் போய்விடும். கம்ப்ளீஷனுக்குப் பிறகு வீடும் கடனும் உங்களுடையவை, குறையும் உங்களுடையதே.

சாவி கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. முடியவில்லை. ஊரில் நொத்தாரிசு எழுதிய காணி உறுதியைப் பெட்டியில் பூட்டி வைத்தால் நிம்மதி. இங்கே உரிமையின் ஆதாரம் லாண்ட் ரெஜிஸ்ட்ரியின் பதிவேடு. 2002ஆம் ஆண்டின் காணிப் பதிவுச் சட்டப்படி, உங்கள் பெயர் அங்கே பதிவாகும்வரை சட்டபூர்வமான உரிமை விற்றவரிடமே இருக்கும். கம்ப்ளீஷனுக்கு முன் சொலிசிட்டர் ஒரு முன்னுரிமைத் தேடல் எடுப்பார். அது 30 வேலைநாட்களுக்குக் காவல். அதற்குள் பதிவு விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால், விற்றவருக்குக் கடன் கொடுத்த ஒருவர் அந்தச் சொத்தின்மேல் இடும் பதிவு உங்களுடையதை முந்திவிடக்கூடும். பதிவு முடியப் பல மாதங்கள் எடுப்பது இப்போது சாதாரணம். அந்தத் தாமதத்துக்குப் பயப்பட வேண்டாம். விண்ணப்பம் எந்தத் திகதியில் சேர்ந்தது என்பதையே கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

நான் அதிகம் சந்திக்கும் பிழைகளில் ஒன்று வரைபடத்தில் ஒளிந்திருப்பது. ஒரு இளம் தம்பதி, லண்டனின் வெளிப்பகுதியில் ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். விற்பனை முகவர் கீழே ஒரு கார் நிறுத்தும் இடத்தைக் காட்டியிருந்தார். குடிபோன சில வாரங்களில் பக்கத்து வீட்டுக்காரர், "இது என்னுடைய இடம்" என்று தன் லீஸை நீட்டினார். அவர் சொன்னது உண்மை. தம்பதியின் லீஸில் வாகன நிறுத்த உரிமையே இல்லை. அவர்களுடைய சொலிசிட்டர் வரைபடத்தை அவர்களுக்கு அனுப்பி, "நீங்கள் பார்த்த இடமும் இதுவும் ஒன்றுதானா?" என்று கேட்டிருந்தால் எக்ஸ்சேஞ்சுக்கு முன்பே தெரிந்திருக்கும். சொலிசிட்டர் வீட்டை நேரில் போய்ப் பார்ப்பதில்லை. வாங்குபவர் சட்டத் தாளைப் படிப்பதில்லை. இந்த இரண்டு பேருடைய அறிவும் ஒன்றுசேரும் ஒரே இடம் வரைபடம். அதை அனுப்பாமல் விடுவது சிறிய அலட்சியமல்ல.

இப்படிப்பட்ட நேரத்தில் உடனே பணம் கேட்டு எழுதினால் தொகையை நோக்கியே பேச்சு போய்விடும். கார் நிறுத்த இடம் கிடைக்காது. நான் முதலில் அந்தக் கட்டடத்தின் நிலவுரிமைப் பதிவேட்டையும் வரைபடத்தையும் எடுத்துப் பார்ப்பேன். யாருக்கும் கொடுக்கப்படாத இடம் ஏதாவது நிலவுரிமையாளரிடம் இருந்தால் பாதி வழி திறந்துவிட்டது. அதை எப்படி எழுதுவது என்பதில்தான் வேலையின் நுட்பம். பழைய லீஸின் எல்லைக்குள் புதிய நிலத்தைச் சேர்த்தால், பழைய லீஸ் முடிந்து புதிய லீஸ் பிறந்ததாகச் சட்டம் கொள்ளும். வங்கியின் மோர்ட்கேஜ் அந்தப் பழைய லீஸின்மேல் அல்லவா நிற்கிறது. ஆகவே, அந்த இடத்தில் கார் நிறுத்தும் உரிமையை மட்டும் கொடுக்கும் திருத்தப் பத்திரமோ, அந்த இடத்துக்கென்று தனியான துணை லீஸோ எழுதுவோம். வங்கியின் சம்மதம் வேண்டும், பதிவும் வேண்டும். நிலவுரிமையாளர் கேட்கும் தொகை, அவருடைய சொலிசிட்டர் கட்டணம், வங்கியின் கட்டணம், பதிவுக் கட்டணம், எனது கட்டணம் எல்லாவற்றையும் பட்டியலிட்டுப் பிழை விட்ட அலுவலகத்துக்கு அனுப்பினால், அதை மறுப்பது அவர்களுக்கும் அவர்களின் காப்புறுதி நிறுவனத்துக்கும் கடினம். வழக்கில் தோற்றால் வரும் செலவைவிட இது மிகக் குறைவு என்று அவர்களுக்கே தெரியும்.

வரியில் வரும் பிழை இன்னொரு வகை. முதல் வீடு வாங்குபவருக்கு ஸ்டாம்ப் டியூட்டியில் சலுகை உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல், முதல் 300,000 பவுணுக்கு வரி இல்லை; அதற்கு மேல் 500,000 வரை 5 வீதம்; வீட்டின் விலை 500,000ஐத் தாண்டினால் சலுகையே இல்லை. 420,000 பவுண் வீட்டுக்குச் சலுகையோடு 6,000 பவுண் வரி. சலுகையைக் கோர மறந்தால் 11,000. அந்த 5,000 பவுண் புதுக் குடும்பத்தின் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் அடுப்பும். வரிப் படிவம் கம்ப்ளீஷனிலிருந்து 14 நாட்களுக்குள் போக வேண்டும். அந்தக் கடைசி நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் திருத்தலாம். அந்த ஆண்டு முடிந்தபின் பிழை தெரிந்தால், வரித் துறையிடம் கேட்கும் எளிய வழி அடைபட்டுவிடும். இழப்பைச் சொலிசிட்டரிடமே கேட்க நேரும்.

எங்கள் மக்களுக்கு இதில் மறுபக்க ஆபத்தும் இருக்கிறது. வாங்குபவர்களில் யாராவது ஒருவர் உலகின் எந்த மூலையிலும் முன்பு வீடு உடையவராக இருந்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ அப்பா விட்டுச்சென்ற வீட்டில் ஒரு பங்கு இருந்தாலும் அது கணக்கில் வரும். இன்னொரு வீடு இப்போதும் கையில் இருந்தால், 2024 அக்டோபர் 31 முதல் 5 வீதமாகிவிட்ட மேலதிக வரியும் எழக்கூடும். "உங்களுக்கு வேறெங்காவது வீடு உண்டா, பரம்பரையாக வந்த பங்கு உண்டா?" என்று கேட்க வேண்டியது சொலிசிட்டரின் கடமை. கேட்டும் நீங்கள் மறைத்திருந்தால் பிழை உங்களுடையது. கேட்கவே இல்லையென்றால், பின்னால் வரித் துறை வட்டியோடு கேட்கும்போது உங்கள் கோப்பில் அந்தக் கேள்வி இருக்கிறதா என்று முதலில் தேடுவேன்.

லைஃப்டைம் ஐசாவில் பணம் சேர்த்தவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 450,000 பவுணுக்கு மேற்பட்ட வீட்டுக்கு அதைப் பயன்படுத்த முடியாது. பணம் கணக்கிலிருந்து நேரே சொலிசிட்டருக்குப் போக வேண்டும். "நீங்களே எடுத்து அனுப்புங்கள்" என்று அலுவலகத்தில் யாராவது சொல்லி நீங்கள் எடுத்தால், 25 வீதம் கழிக்கப்படும். அப்படிச் சொன்ன மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள்.

பிழை தெரிந்த அன்றே எழுத வேண்டிய கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் விரும்பும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, அதனால் வீட்டுக்கு என்ன குறை, அதை எப்படித் திருத்தப் போகிறீர்கள், செலவு யாருடையது, எந்தத் திகதிக்குள் பதில் வேண்டும். திட்டு வேண்டாம், அடைமொழி வேண்டாம். அந்தக் கடிதத்தைப் பின்னர் படிக்கப்போகிறவர் ஒரு காப்புறுதி அதிகாரியோ ஒம்புட்ஸ்மனோ நீதிபதியோ ஆகலாம்; அவருக்கு உண்மைகள் மட்டும் தேவை. சொலிசிட்டர்களின் நடத்தைக் கோவை, பிழை நேர்ந்தால் வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லவும், இயன்றால் சரிசெய்யவும், விளைவுகளை முழுமையாகவும் விரைவாகவும் விளக்கவும் கட்டளையிடுகிறது. அவர்களின் நலனும் உங்கள் நலனும் முரண்படும் கட்டத்தில், தொடர்ந்து உங்களுக்காகச் செயல்பட அவர்களால் முடியாது. வேறொரு சொலிசிட்டரிடம் ஆலோசனை பெறுங்கள் என்று அவர்கள் சொன்னால் அது கைவிடுதல் அல்ல, கடமை. "முழுமையான, இறுதித் தீர்வு" என்ற வாசகத்தோடு ஒரு சிறு தொகை வந்தால், திருத்த வேலை முடியும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.

காலக்கெடுக்களை ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். முறைப்பாட்டுக்குப் பதில் தர அலுவலகத்துக்கு எட்டு வாரம் உண்டு. திருப்தி இல்லையென்றால் சட்ட ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. இறுதிப் பதில் வந்து ஆறு மாதங்களுக்குள் போக வேண்டும். பிழை நடந்ததிலிருந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ ஓர் ஆண்டுக்குள்ளும் இருக்க வேண்டும். 50,000 பவுண் வரை இழப்பீடு கொடுக்க அவர் உத்தரவிடலாம். அதற்கு மேற்பட்ட இழப்புக்கு நீதிமன்றம்: பொதுவாக ஆறு ஆண்டுகள், பிழை பின்னர்தான் தெரிய வந்தால், தெரிந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள், எதுவானாலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இல்லை. அலுவலகம் பூட்டிவிட்டது என்றாலும் கலங்க வேண்டாம். சொலிசிட்டர் அலுவலகங்களுக்குக் காப்புறுதி கட்டாயம். மூடிய பின்னும் ஆறு ஆண்டுகளுக்கு அது தொடரும்.

இழப்பை அளப்பதில் பலர் ஏமாறுகிறார்கள். நீதிமன்றம் உங்கள் மனவேதனையை அளந்து பணம் தருவது அரிது. வழக்கமான அளவுகோல், வாங்கிய நாளில் நீங்கள் கொடுத்த விலைக்கும், அந்தக் குறையோடு வீட்டுக்கு இருந்த உண்மைப் பெறுமதிக்கும் உள்ள வித்தியாசம். அதைச் சொல்லத் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். தெரிந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்பதையும் நிரூபிக்க வேண்டும். கார் நிறுத்த இடம் முக்கியம் என்று முகவருக்கு அன்று அனுப்பிய ஒரு குறுஞ்செய்தி இங்கே பெரிய சாட்சி. அதோடு, நட்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுப்பதும் உங்கள் பொறுப்பு. அந்த நியாயத்துக்கும் எல்லை உண்டு. 1953இல் பில்கிங்டன் எதிர் வூட் என்ற வழக்கில், உரிமையில் குறையுள்ள வீட்டை வாங்க வைத்த சொலிசிட்டர், வாங்கியவர் முதலில் விற்றவர்மேல் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்று வாதிட்டார். சொலிசிட்டரின் கவனக்குறைவின் விளைவிலிருந்து அவரைக் காப்பாற்றுவதற்காக வாங்கியவர் சிக்கலான வழக்கில் இறங்கத் தேவையில்லை என்று சொல்லி நீதிபதி ஹார்மன் அந்த வாதத்தை மறுத்தார். திருத்தக்கூடியதைத் திருத்துங்கள், ஆனால் சொலிசிட்டருடைய போரை நீங்கள் நடத்தத் தேவையில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது நம்மவர் தயக்கம். ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் பலர் தெரிந்தவர் சொன்ன சொலிசிட்டரிடமே போகிறார்கள். அவர் தமிழ் பேசுவார், மாமாவின் கூட்டாளியாக இருப்பார், கோவிலில் காண்பார். பிழை வந்ததும் "எங்கட ஆள், எப்படிக் கேட்கிறது?" என்று மாதங்களைக் கடத்துகிறார்கள். எல்லாம் தொலைபேசியில் பேசியதால் எழுத்தில் ஒன்றும் இருக்காது. முறைப்பாடு உறவை முறிப்பதற்கல்ல; அவருடைய காப்புறுதி இருப்பதே இதற்குத்தான். பேசி முடித்ததும், "இன்று நீங்கள் சொன்னது இது" என்று இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். நேர்மையான சொலிசிட்டர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

முதல் வீடு வாங்கியிருக்கிறீர்கள் என்றால், இந்த வாரமே லாண்ட் ரெஜிஸ்ட்ரியிலிருந்து உங்கள் பதிவேட்டையும் வரைபடத்தையும் எடுங்கள். சில பவுண்தான் செலவு. உங்கள் பெயர், முகவரி, எல்லை, கார் நிறுத்தம், தோட்டம், வங்கியின் பதிவு எல்லாவற்றையும் நேரில் பார்த்ததோடு ஒப்பிடுங்கள். குறை தெரிந்தால் அன்றைக்கே திகதியைக் குறித்து எழுத்தில் கேளுங்கள். சொலிசிட்டர் விட்ட பிழை பெரும்பாலும் திருத்தக்கூடியது. நீங்கள் தவறவிட்ட காலக்கெடுவைத் திருப்பிக் கொண்டுவர யாராலும் முடியாது.