படகிலிருந்து குனிந்து பார்த்தால்

திங்கள், ஹே-ஆன்-வை

படகை வாடகைக்குத் தந்தவர் துடுப்பைக் கையில் கொடுக்குமுன் சட்டத்தைச் சொன்னார். ஹே பாலத்திலிருந்து கீழ்நோக்கிப் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பாலத்திலிருந்து மேல்நோக்கிப் போனால் கதை வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆற்றுப் படுகை கரையோர நிலக்காரருக்குச் சொந்தம். எதிரெதிர்க் கரைகளில் இருவர் இருந்தால் நடு ஆற்றில் எல்லை பிரியும். ஓடும் தண்ணீரை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்றாலும், அதன்மேல் மிதந்துபோகும் உரிமை பெரும்பாலான ஆறுகளில் இன்னும் வழக்காகவே கிடக்கிறது.

வை நதி இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது. மத்திய வேல்ஸின் ப்ளின்லிமன் மலையில் பிறந்து, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் ஓடி, செப்ஸ்டோ அருகே செவர்ன் கழிமுகத்தில் சேரும் ஆறு இது. 1695இல் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம் ஹேயிலிருந்து கீழ்நோக்கி இதைப் பொதுவழியாக்கியது. உல்லாசப் பயணிகளை மனத்தில் வைத்துச் செய்த சட்டமல்ல. ஹெரிஃபோர்டுக்கு நிலக்கரி வேண்டியிருந்தது. குறுக்கே நின்ற தடுப்பணைகளை விலைக்கு வாங்கி இடிக்கவும் அதில் இடமிருந்தது. எதிர்நீரில் பாரப் படகுகளை மனிதர்களே மார்பில் வார் மாட்டி இழுத்தார்கள். 1811இல்தான் குதிரைகளுக்குக் கரைப்பாதை வந்தது. 1855இல் ரயில் வந்ததும் வியாபாரம் ஒடுங்கிவிட்டது, உரிமை மட்டும் மிஞ்சியது. அந்தக் கூலிக்காரர்கள் இழுத்துத் திறந்துவைத்த வழியில் நாங்கள் விடுமுறைக்குத் துடுப்புப் போடப் போகிறோம்.

கூட வருபவன் அக்கா மகன். பிரிஸ்டலில் படிக்கிறான், கல்லூரிப் படகுக் குழுவில் இருக்கிறான். "மாமா, நீங்க முன்னாடி உக்காருங்க. நீங்க தாளம் போடுங்க, வண்டியை நான் ஓட்டிக்கறேன்" என்றான். வேலைப் பங்கீடும் அதுதான். அணியத்தில் இருப்பவர் சீராக வலிக்க வேண்டும், அமரத்தில் இருப்பவர் திசை பார்க்க வேண்டும். எங்களுடையது மேல்மூடி இல்லாத கனேடியக் கனூ. காயாக்கின் துடுப்புக்கு இரண்டு பக்கமும் அலகு இருக்கும், இதற்கு ஒரே அலகு. ஒரு பக்கமே வலித்தால் படகு மறுபக்கம் திரும்பிக்கொண்டே போகும். அதனால் வலித்து முடிக்கும் நேரத்தில் அலகை வெளிப்புறமாகத் திருப்பி ஒரு சின்னத் தள்ளுத் தள்ள வேண்டும். அவன் அதைப் பேசிக்கொண்டே செய்கிறான்.

ஹே பழைய புத்தகக் கடைகளின் ஊர். ரிச்சர்ட் பூத் என்ற கடைக்காரர் 1977 ஏப்ரல் 1 அன்று தன்னையே இந்த ஊருக்கு அரசராக அறிவித்துக்கொண்டார். அவர் புகழேற்றிய கடைத்தெருவில் பிரான்சிஸ் கில்வெர்ட் பாதிரியாரின் நாட்குறிப்பு கிடைத்தது. நீர் புகாத பீப்பாய்க்குள் உடைகளோடு அதையும் வைத்து மூடினோம்.

செவ்வாய், பிரெட்வர்டைன்

விட்னி சுங்கப் பாலத்தின் அடியில் காலையிலேயே நுழைந்து வெளியேறினோம். மேலே கார்கள் காசு கொடுத்துப் போகின்றன, நாங்கள் இலவசம். "இதுக்காகவே தினமும் வரலாம் மாமா" என்றான்.

சாதுவான ஆறு என்று பெயர் வாங்கிய ஆறும் படிக்கத் தெரிந்தவரைத்தான் சுகமாகக் கொண்டுபோகும். வளைவுகளில் வெளிப்பக்கம் ஆழம், வேகம். உள்பக்கம் கூழாங்கல் திட்டு, அடி தட்டும். மேல்மட்டத்தில் வழுவழுப்பான ஒரு நாக்கு கூர்முனையைக் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் அது வழி. கூர்முனை நம்மைப் பார்த்து இருந்தால் அங்கே கல் இருக்கிறது. பாலத் தூணுக்குப் பின்னால் நீர் தேங்கிச் சுழன்று மேல்நோக்கி நகரும், அதில் படகைச் செருகினால் மூச்சு வாங்கலாம். உண்மையான ஆபத்து கரையிலிருந்து சாய்ந்து விழுந்த மரம். கிளைகளின் ஊடே தண்ணீர் போய்விடும், ஆளும் படகும் மாட்டிக்கொள்ளும். இரண்டு இடத்தில் அப்படி மரம் கிடந்தது, தொலைவிலேயே ஒதுங்கிக்கொண்டோம். தூண்டில்காரரைக் கண்டால் வலிப்பதை நிறுத்தி, அவருடைய நூலுக்கு எதிர்ப்பக்கமாக ஓசையில்லாமல் மிதந்துபோவது இங்கே மரியாதை.

இப்படிப் போகப்போகக் கண் தாழ்ந்துவிடுகிறது. காலையில் மலைகளையும் ஆட்டு மந்தைகளையும் பார்த்துக்கொண்டிருந்தவன் மதியத்தில் படகுக்கு முன்னால் பத்தடித் தண்ணீரைத்தான் பார்க்கிறேன்.

கில்வெர்ட் 1877இல் இந்தப் பிரெட்வர்டைனுக்குப் பாதிரியாராக வந்தார். 1879 ஆகஸ்டில் மணம் முடித்து, அடுத்த மாதமே 38 வயதில் இறந்தார். கல்லறை இங்கேதான். நாட்குறிப்பு அச்சானது 1938 முதல் 1940 வரை, மூன்று தொகுதிகளாக. மூலக் குறிப்பேடுகளில் பலவற்றை உறவினர்களே அழித்துவிட்டார்கள், எஞ்சியவை மூன்று. உறைபனி, வயிற்றுவலி, கிழவிகள் சொன்ன பழங்கதை, யார் வீட்டில் என்ன சாப்பிட்டார் என்று எல்லாவற்றையும் எழுதினார். எனக்குப் பிடித்தது அவர் தேதி போட்டிருப்பது. அழகான வர்ணனை தேதியும் சேரும்போது சாட்சியாகிவிடுகிறது.

வியாழன், ஹோர்விதி

ஹெரிஃபோர்டைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் மாறிவிட்டது. மேலே தெரிந்த கூழாங்கற்கள் இங்கே தெரியவில்லை. கைவிட்டு எடுத்த கல்லின்மேல் பழுப்பு வழுவழுப்பு. துடுப்பை வெளியே எடுத்தால் அலகில் பச்சை நூல்கள் தொங்குகின்றன. கரையிலிருந்து பார்த்தால் பட்டுப்போன்ற பச்சை ஆறு, ஒரு தம்பதி அதைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் மாதத்தில் இந்த ஆற்றில் வாட்டர் குரோஃபுட் என்ற நீர்க்கொடி பூக்க வேண்டும். அடியில் வேர்விட்டு, ஓட்டத்தோடு நீளமாக நீண்டு, மேல்மட்டம் முழுக்க வெள்ளைப் பூ விரிக்கும் கொடி. அதன் அடர்த்திக்குள்தான் மீன்குஞ்சுகளும் பூச்சிகளும் ஒண்டும். நாங்கள் இன்று கண்டது அங்கங்கே சில கொத்துகள்.

காரணம் கோழி. இந்த ஆற்றின் வடிநிலத்தில் எந்த நேரத்திலும் 2 கோடிக்கு மேற்பட்ட கோழிகள் கொட்டகைகளில் வளர்கின்றன. அவற்றின் தீவனத்துக்கான சோயா கடல்கடந்து வருகிறது. தீவனத்தோடு வரும் பாஸ்பரஸ் எச்சமாக வயலுக்குப் போகிறது. பயிருக்குத் தேவையானதுபோக மீதி மண்ணில் சேர்ந்து, மழைக்கு ஆற்றில் இறங்குகிறது. ஊர்களின் கழிவுநீரும் தன் பங்கைச் சேர்க்கிறது, ஆனால் பெரும்பங்கு விவசாயத்திலிருந்து வருவதுதான். லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 டன் பாஸ்பரஸ் இந்த வடிநிலத்தில் மிச்சமாகத் தங்குகிறது. கோடையில் நீர் குறைந்து வெயில் ஏறும்போது பாசி கொழிக்கிறது. அது வெளிச்சத்தை மறைக்கக் கொடி சாகிறது. இரவில் பாசி ஆக்சிஜனைத் தின்ன மீன் திணறுகிறது. 1923இல் டோரீன் டேவி என்ற பெண் இதே ஆற்றில் 27 கிலோ சால்மன் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். நூறு ஆண்டு கழித்து, 2023இல், இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து, ஆற்றின் நிலையை 'மோசம், மேலும் சரிகிறது' என்ற நிலைக்குத் தாழ்த்தியது.

"அம்மா வாங்குற கோழியும் இங்கேருந்துதான் வருமா மாமா?" என்று கேட்டான்.

"வரலாம் மாப்ளே. விலை மலிவா இருந்தா மிச்சக் காசை யாரோ கட்டணும்ல."

அவன் அதற்குமேல் பேசவில்லை. இரவு கூடாரத்தில் பருப்பு சாதப் பொட்டலத்தைச் சூடாக்கினோம்.

சனி, சைமண்ட்ஸ் யாட்

ராஸ் நகரத்திலிருந்து இங்கே வரும் பகுதிதான் ஆற்றின் புகழ்பெற்ற முகம். 1745 முதல் ராஸின் பாதிரியார் ஜான் எகெர்ட்டன் தம் விருந்தினரைப் படகேற்றி ஆறு காட்டினார். வில்லியம் கில்பின் என்ற பள்ளி ஆசிரியர் 1770இல் இதே வழியில் வந்து, 1782இல் புத்தகம் போட்டார். ஓவியத்துக்கு ஏற்ற அழகு எது என்பதற்கு அவர் இலக்கணமே வகுத்தார். இரு கரைகளும் நாடக மேடையின் பக்கத்திரைகள், வளைவில் எதிரே எழும் மலை முன்திரை, ஆறு இவற்றைக் காட்டிக்கொண்டு போகும் பாதை. புத்தகத்தைப் படித்த கூட்டம் திரண்டது. ராஸிலிருந்து செப்ஸ்டோவுக்கு விதானம் போட்ட படகுகள், நடுவில் வரைவதற்கு மேசை, சாப்பாடு, மது என்று இரண்டு நாள் பயணம். 1802இல் அட்மிரல் நெல்சனும் இந்த ஆற்றில் படகில் போயிருக்கிறார்.

குட்ரிச் கோட்டை வலக்கரை உச்சியில் வந்துபோனபோது கில்பின் சொன்னது சரி என்றே பட்டது. ஒவ்வொரு வளைவும் திரை விலகுவதுபோல்தான் இருக்கிறது. ஆனால் அந்த இலக்கணத்தில் தண்ணீருக்கு வேலை கண்ணாடியாக இருப்பது மட்டும்தான். அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை, பின்னால் வந்தவர்களுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

யாட் பாறைக்கு அருகே பெரிய சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள். தலைக்கு மேலே ஒரு பொரி வல்லூறு குரல் கொடுத்தது. 1950களில் இந்தப் பாறைகளை விட்டுப் போன பறவை, 1982இல் திரும்பி வந்து கூடு கட்டியது. இடையில் நடந்ததை இன்று பார்த்த எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நினைக்கிறேன். வல்லூறுகளின் முட்டைகள் கூட்டிலேயே உடைந்துகொண்டிருந்தன. டெரெக் ராட்கிளிஃப் என்ற அறிவியலாளர் அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இருந்த பழைய முட்டை ஓடுகளை எடுத்து, எடையும் அளவும் பார்த்து, புதியவற்றோடு ஒப்பிட்டார். 1940களின் பிற்பாதியிலிருந்து, அதாவது டிடிடி என்ற பூச்சிமருந்து புழக்கத்துக்கு வந்த காலத்திலிருந்து, ஓடு மெலிந்திருந்தது. 1967இல் அதை வெளியிட்டார். மருந்துகளுக்குக் கட்டுப்பாடு வந்தது, பறவை திரும்பியது. பாறையின் அழகை 200 ஆண்டு பாராட்டியவர்களால் ஒரு குஞ்சைக்கூடக் காப்பாற்ற முடிந்திருக்காது.

மாலையில் ஊருக்குக் கீழே உள்ள பாய்ச்சலில் இறங்கினோம். இரும்பாலையும் பழைய தடுப்பணையும் இருந்த இடம் அது. 2003இல் படகோட்டிகளின் சங்கமே இதை வாங்கிவிட்டது. கில்பின் காலத்தில் இங்கே தார் பூசிய துணி போர்த்திய சிறு கூடைப் படகில் மீனவர்கள் திரிந்தார்கள், வேலை முடிந்ததும் முதுகில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒகேனக்கல் பரிசல் போலத்தான், ஆனால் ஓர் ஆளுக்கானது. பாய்ச்சல் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. மருமகன் இன்னொருமுறை போகலாம் என்றான். படகைத் தூக்கிக்கொண்டு மேலே நடந்தோம்.

ஞாயிறு, டின்டர்ன்

மான்மத்தில் படகை ஒப்படைத்துவிட்டு அக்காவின் காரில் டின்டர்ன் வந்தோம். பிக்ஸ்வெயருக்குக் கீழே கடலின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் ஏறி வரும், எங்களைப் போன்றவர்களுக்கு அது இடமில்லை.

1131இல் தொடங்கி 1536இல் எட்டாம் ஹென்றி மூடிய மடாலயத்தின் கூரையில்லாச் சுவர்கள். கில்பினுக்கு இதன் முக்கோண உச்சிச் சுவர்கள் ஒழுங்காக நின்றது பிடிக்கவில்லை, யாராவது ஒரு சுத்தியலால் பார்த்துத் தட்டினால் நன்றாக இருக்கும் என்றார். இடிபாடுகளுக்குள் பிச்சைக்காரர்கள் குடியிருந்ததைக் கண்டு எழுதினார். கரைகளில் மரக்கரி சுட்ட புகை மலைமேல் மெல்லிய திரையாகப் படிந்து கோடுகளை மென்மையாக்குவதை ரசித்தார். புகை அவருக்கு ஓவிய அழகு. ஹோர்விதியில் படம் எடுத்துக்கொண்ட தம்பதிக்கும் பாசி ஓவிய அழகுதான். அவர்களைக் குறைசொல்ல முடியாது, கரையிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

இந்தப் பள்ளத்தாக்குக்கு 1971இல் 'சிறப்பான இயற்கை எழில் பகுதி' என்ற தகுதி கிடைத்தது. ஆற்று நீருக்கும் உயர்நிலைப் பாதுகாப்புச் சட்டங்கள் உண்டு. எழில் அப்படியே இருக்கிறது, ஆறு நோயில் கிடக்கிறது. கட்டடம் கட்டினால் ஊருக்கே தெரியும், பாஸ்பேட் ஏறினால் அளந்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

அளக்கிறவர்கள் இருக்கிறார்கள். நதிக்கரை ஊர்களில் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் தவறாமல் தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறார்கள். சின்னக் குப்பியில் நீரை ஊற்றி மருந்துத் தூளைக் கலந்தால் பாஸ்பேட்டுக்கு ஏற்ப நீலம் ஏறும், கைக்கருவி அதைப் படித்து எண்ணாகச் சொல்லும். தேதி, இடம், வெப்பம், கலங்கல், எண். ஒரு வரி எழுத ஐந்து நிமிடம். கில்வெர்ட்டின் குறிப்பேடுகளுக்குப் பிறகு இந்த ஆற்றைப் பற்றி எழுதப்படும் முக்கியமான நாட்குறிப்பு அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாலங்களிலிருந்தும் மேய்ச்சல் நிலத்திலிருந்தும் எட்டாத இடங்களுக்குப் படகு போகும். 1695இன் சட்டம் தந்த உரிமைக்கு இப்போது இப்படி ஒரு பயனும் இருக்கிறது.

மருமகன் கல்லூரிக் குழுவில் இதைக் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னான். "எண்ணை எழுதிட்டா ஆறு சுத்தமாயிடுமா மாமா?" என்றும் கேட்டான். ஆகாது. முட்டை ஓட்டை அளந்து வெளியிட்டது 1967, பறவை இந்தப் பாறைக்குத் திரும்பியது 1982. இடையில் 15 ஆண்டுகள், பல வாதங்கள், பல கையெழுத்துகள். ஆனால் அளந்தவர்கள் இல்லாமல் 1982 வந்திருக்காது.