முதல் வரியும் மூல காரணமும்

பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியிற் செல்வோர், துடுப்பின் ஒரு முனையை வாவிநீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்து மீன்பாட்டைக் கேட்பர். பாடுவது மீனா, ஊரியா என்னும் வினா எங்கள் ஊரில் இன்னும் ஓயவில்லை. மேலே கேட்கும் ஓசையைக் கொண்டு அடியிலுள்ளதைத் தீர்மானித்தல் எளிதன்று. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது வாவியன்று, ஒரு கணினி.

வாவிக்கரை ஊரொன்றில், மாணவரின் பரீட்சை விண்ணப்பங்களை ஏற்கும் லினக்ஸ் வழங்கி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. இறுதித் திகதிக்கு முதல்நாள் மாலை மின்தடை ஏற்பட்டது. மின்சாரம் மீண்ட பின்னரும் அப்பாச்சி மென்பொருள் இயங்கவில்லை. அது 'டீமன்' வகையைச் சேர்ந்தது. திரையில் தோன்றாது பின்னணியில் ஓயாது பணிபுரிவது. இயற்பியலறிஞர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த பூதத்தை நினைந்து, 1963 அளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சூட்டப்பட்ட பெயர் அது. கண்காணா ஏவலாள் ஆதலின், தொடங்கும்போது அது விடுக்கும் ஓரிரு வரிகளே நமக்குச் சாட்சி.

அன்று திரையில் தோன்றியவையும் அத்தகைய வரிகளே. வழங்கியின் முழுப்பெயரை உறுதியாக அறிய இயலவில்லை என்றது முதலாவது. தொடக்கம் தோல்வியுற்றது, பிழைப்பதிவேட்டில் மேலும் விவரம் இருக்கலாம் என்றது அடுத்தது. அன்று காலையிலேதான் உதவியாளரான இளைஞர் கணினியின் பெயரை மாற்றியிருந்தார்.

“தம்பி, கேக்காம ஏன் பேர மாத்தினீங்க?” என்று பலர் முன்னிலையிற் கடிந்தேன். அவர் தலைகுனிந்து நின்றார்.

பெயரைச் சீர்செய்தோம். முதல் வரி மறைந்தது, தோல்வி மறையவில்லை. நள்ளிரவு கடந்தபின்னரே பிழைப்பதிவேட்டைத் திறந்தேன். பாதுகாப்புச் சான்றிதழும் அதற்குரிய இரகசியத் திறவுகோலும் பொருந்தவில்லை என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தது. அன்று பிற்பகல் புதிய சான்றிதழை இட்டவன் நான். பழைய திறவுகோலை மாற்ற மறந்தவனும் நானே. இயங்கிக்கொண்டிருந்த மென்பொருள் பழையவற்றையே நினைவகத்தில் வைத்திருந்தமையால், மீளத் தொடங்கும்வரை என் தவறு வெளிப்படவில்லை. பெயர் பற்றிய வரியோ வெறும் எச்சரிக்கை. அதுமட்டும் இருந்திருப்பின் வழங்கி தடையின்றி இயங்கியிருக்கும்.

இயந்திரம் பொய் சொல்லவில்லை. இரு வரிகளும் உண்மையே. அவற்றிடையே 'ஆகையால்' என்னும் சொல்லை இட்டவன் நான். எங்கே பார்க்கவேண்டும் என்று இரண்டாம் வரி சொல்லியும், குற்றவாளி கிடைத்துவிட்டமையால் நான் பார்க்கவில்லை.

விடியுமுன் விண்ணப்பங்கள் மீண்டும் வரத் தொடங்கின. காலையில், அதே பலர் முன்னிலையில், பிழை என்னுடையது என்றேன்.

“பரவாயில்ல சேர். இனி முதல்ல பதிவேட்டப் பாப்பம்” என்றார் அவர்.

அதற்குமேல் என்னிடம் சொல்லொன்றும் இருக்கவில்லை.