கோரையும் கீரையும்
கொல்லையில் கத்தரி நடுமுன் நாங்கள் எதிர்கொண்டது கோரையை. பிடுங்கினால் தாள்தான் கைக்கு வரும். சங்கிலியாய்க் கோத்த கிழங்குகள் மண்ணுக்குள் தங்கி மறுபடி முளைவிடும். களைக்கொல்லி தெளிக்கச் சொன்னார் அண்டைவீட்டார். அம்மாவோ அதே மண்ணில் தானாக முளைக்கும் பருப்புக்கீரையையும் மூக்கிரட்டையையும் கிள்ளிச் சமைப்பவர். எது களை என்பதில் வீட்டிற்குள்ளேயே ஒருமித்த கருத்தில்லை.

ஆகவே சித்திரை வெயிலை நம்பினோம். மண்ணை ஓரடி ஆழம் கொத்திப் புரட்டி, அகப்பட்ட கிழங்குகளைப் பொறுக்கி, மிச்சத்தைக் காயவிட்டோம். ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி உலர்த்தினால் பிடி எருவும் வேண்டாம் என்கிறது குறள் (1037). அவ்வளவு துணிச்சல் எங்களுக்கில்லை. மக்கிய சாணம் இட்டோம்.

கோரை இப்போதும் இருக்கிறது, குறைவாக. ஆடித் தூறலுக்குப் பருப்புக்கீரையும் தலைகாட்டிவிட்டது. கத்தரிப் பாத்திக்கு நடுவே அதற்கும் ஒரு வரிசை விட்டிருக்கிறோம்.